சாரிக்கு ஒரு மதிப்பெண்

முதல் வகுப்பிலேயே சொல்லிவிட்டேன்:
நூற்றுக்கு நாற்பது எழுத்துத் தேர்வு, அதை விடுங்கள்.
மீதி அறுபதும்
முன்பின் தெரியாத ஒருவரை
நீங்கள் செய்த திரையின்முன் உட்கார வைத்துவிட்டுச்
சும்மா இருப்பதற்கு.
கை காட்டக் கூடாது.
"மேல பாருங்க, இன்னும் மேல" கூடாது.
தொண்டையைக் கனைத்தாலே இரண்டு போகும்.

அப்புறம் ஒன்று, பாடத்திட்டத்தில் இல்லாதது, என்னுடையது:
உட்கார்ந்தவர் திரையைப் பார்த்து "சாரி" என்றால்
ஒரு சாரிக்கு ஒரு மதிப்பெண் கழிப்பேன்.
சிரித்தார்கள்.
கடைசி வரிசையில் ஹர்ஷத் எழுந்து
"மனசுக்குள்ள சொன்னா, மேடம்?" என்றான்.

இப்போது நவம்பர். வேளச்சேரிச் சாலையில் தண்ணீர் ஏறுகிறது.
நாளை விடுமுறை என்று வதந்தி.
தரமணியில், மூன்றாம் மாடியில்,
பதினான்கு வீடியோக்களோடு நான்.

முதல் குழு, மின்சார ரயில் பயணச்சீட்டு.
கிண்டி நடைமேடையில் பிடித்த கூரியர்க்காரர்
ஹெல்மெட்டைக் கழற்றாமலே பரங்கிமலையைத் தேடுகிறார்.
பட்டியலில் அது செயின்ட் தாமஸ் மவுண்ட்.
நான்கு முறை மேலும் கீழும் போய் வருகிறது விரல்.
"சாரி தம்பி, எனக்கு இதெல்லாம் வராது."
மணலியிலிருந்து மறைமலைநகர் வரை
சந்து சந்தாக மனப்பாடம் அவருக்கு.
கழித்தேன்.

நான்காம் குழு கெட்டிக்காரர்கள்.
தடங்கல் இல்லாமல் இரண்டே நிமிடத்தில் முடித்துவிட்டார் அவர்களுடைய ஆள்.
முன்பின் தெரியாத ஆள்
எழுந்து போகும்போது ஏன் "வரேன் மச்சி" என்கிறார்?
பாதி போனது.

தாஹிராவுடையது தண்ணீர் லாரிப் பதிவு.
நல்ல நீலம். மேலே ஓர் அலை, அசைந்துகொண்டே இருக்கும்.
அந்த அலை நிற்கட்டும் என்று காத்திருக்கிறார் ஒரு பெண்,
மடியில் பையை இறுக்கிப் பிடித்தபடி,
ஒரு நிமிடம் இருபது நொடி.
"ஏதாச்சும் தப்பா அமுக்கிட்டேனா? சாரிம்மா."
அவர் எதையுமே அமுக்கவில்லை.
ஓரத்தில் தாஹிராவின் பாதி முகம்:
பல்லால் உதட்டைக் கவ்விக்கொண்டு சும்மா இருக்கிறாள்.
சும்மா இருந்ததற்கு முழுதும் கொடுத்தேன்.
அலைக்கு ஒன்று குறைத்தேன்.

பதினொன்று, மெர்லினும் கார்முகிலும், மின்கட்டணம்.
காசிமேட்டில் ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே அமல்ராஜ் என்பவர்.
உட்காரவே இல்லை.
"இன்னாபா இது, பட்டன எங்க ஒளிச்சு வச்சிக்கீறீங்க?
துட்டு கட்ட வந்தவனாண்ட பொறந்த தேதி கேக்குற,
ஜாதகமா பாக்கப் போற?"
ஏழு நிமிடம். ஒரு சாரி இல்லை.
பணம் கட்டாமலே போய்விட்டார்.

இதற்கு என்ன போடுவது?
வேலை முடியவில்லை என்கிற கட்டத்தில் பன்னிரண்டு கழியவேண்டும்.
என் விதிப்படி ஒன்றுமே கழியாது.
தப்பு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என்று
முதல் நொடியிலேயே தெரிந்த ஒரு மனிதரை
இந்தப் பருவத்தில் இப்போதுதான் பார்க்கிறேன்.

அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் மெர்லினின் கையெழுத்து:
"பிறந்த தேதியை எடுத்துவிட்டோம். காட்டலாம் என்று
திரும்பவும் போனோம். கடலுக்குப் போயிருந்தார்."

ஐம்பத்தொன்று என்று பென்சிலால் எழுதி
அழித்தேன். ஐம்பத்துமூன்று.

மணி ஒன்பதே கால். பல்கலைக்கழகத் தளத்தில் ஏற்ற வேண்டும்.
பதிவெண்ணின் முதல் சுழியத்தை விழுங்கிவிடும் பெட்டி.
'சமர்ப்பி'யும் 'நீக்கு'ம்
ஒரே சாம்பல், ஒரே அளவு, தோளோடு தோள்.
நாற்பத்தெட்டாவது பெயரில்
மின்சாரம் ஒருமுறை கண்ணை மூடித் திறந்தது.
உங்கள் அமர்வு முடிந்தது, என்றது திரை.
நாற்பத்தேழு பேரும் வெள்ளை.

ஆளில்லாத அறையில்
என் வாயிலிருந்து வந்த சொல்
எனக்கே நன்றாகக் கேட்டது.

சன்னலைச் சாத்திவிட்டு வந்து
முதல் பெயரிலிருந்து மறுபடி தட்டுகிறேன்.
ஹர்ஷத்துக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.